கட்டிடமா, வாத்தியாரா?

கைத்தொழிற் பள்ளிக்கூடம் ஒன்று ஆரம்பிக்க வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் கூடினால், முதலில் எழும் பேச்சு கட்டிடத்தைப் பற்றியதுதான். அஸ்திவாரக் கல்லில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்னும் வியாஜ்யம் தீர்வதற்குள், வசூலான பணமெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புமாகிவிடும். பிறகு வாத்தியாருக்குச் சம்பளம் ஏது? சுவர் நிற்கும், வகுப்பு நடவாது.

1850-ம் வருஷத்தில் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார வைத்தியர் சென்னையில் ஒரு சித்திரப் பள்ளிக்கூடம் வைத்தார். அது அவருடைய சொந்த முயற்சி. 1852-ல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டு தொழிற்கலைப் பள்ளியாக்கியது. இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி அதன் வழி வந்ததே. பாடம் முதலில் நடந்தது, சர்க்கார் பின்னால் வந்தது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் தொழிற்பள்ளி வைக்க நினைப்பவர்களுக்கு இந்த வரிசை மிகவும் உபயோகமானது. இரண்டும் பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதிகள். பெரம்பலூர் 1995-ல் தனி ஜில்லாவாயிற்று. அரியலூரோ 2001-ல் பிரிந்து, மறு வருஷமே திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007-ல் மறுபடியும் பிரிந்தது! ஜில்லா எதுவானாலும், மழையை நம்பிய மானாவாரி நிலம் அங்கே அதிகம். பருத்தியும் மக்காச்சோளமும் பொய்த்த வருஷத்தில் வாலிபர்கள் வெளியூருக்கு மூட்டை கட்டுகிறார்கள். கையில் ஒரு தொழிலோடு போகிறவனுக்கும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் கூலியில் மட்டுமல்ல, மரியாதையிலும் வித்தியாசம் இருக்கிறது.

பச்சைமலைப் பக்கத்தில், வேப்பந்தட்டைத் தாலுகாவில் அரும்பாவூர் என்று ஓர் ஊர் உண்டு. வாகை, மா, வேம்பு முதலிய மரங்களில் சுவாமி விக்கிரகங்களையும் கோயில் வாகனங்களையும் செதுக்கும் சிற்பிகள் அங்கே இருக்கிறார்கள். 2020-ல் அவர்களுடைய வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். உளி பிடிக்கும் அடுத்த கையை அது உண்டாக்காது. பட்டறைத் தொழிலில் முடித்துக் கொடுத்த உருவத்துக்குத்தான் பணம். பையன் வெட்டிய கோணல் வெட்டைத் திருத்தும் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுப்பார் யாருமில்லை. ஆகவே, கைதேர்ந்த ஸ்தபதி தம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார். அயலான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் தயங்குவதில் தப்பென்ன? அந்த ஒரு மணி நேரத்தை விலை கொடுத்து வாங்குவதுதான் ஏழைப் பள்ளிக்கூடத்தின் முதல் செலவாக இருக்க வேண்டும். உளிக்கும் கொட்டாப்புளிக்கும் பெரிய தொகை வேண்டியதில்லை. இடத்துக்குப் பட்டறைத் திண்ணை போதும்.

பயிற்சி முடிந்த பிறகு என்ன என்பது அடுத்த கேள்வி. இதற்கு நல்ல வழி காட்டியவர்கள் கர்நாடகத்துத் தர்மஸ்தலத்தார். அவர்கள் 1982-ல் ஸிண்டிகேட் பாங்க், கனரா பாங்க் இரண்டோடும் சேர்ந்து உஜிரேயில் ஒரு பயிற்சி நிலையம் வைத்தார்கள். அதைப் பார்த்தே தேசமெங்கும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் தோன்றின. பெரம்பலூரில் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்க் ஒன்றை நடத்தி வருகிறது. குறுகிய காலப் பயிற்சி; கட்டணமில்லை. இவற்றைவிட மேலான அம்சம், படித்துப் போனவர்களை இரண்டு வருஷ காலம் விடாமல் விசாரித்து, கடன் பெறவும் வழி செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு. தையல் கற்ற பெண்ணுக்கு அத்தாட்சிப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு மறந்து போவதில் யாருக்கு என்ன லாபம்?

அரியலூர்ப் பக்கம் விஷயம் வேறு. சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்த பூமி அது. அங்கே வேண்டியவர்கள் பிட்டர், வெல்டர், எலெக்ட்ரீஷியன். இவர்களைப் பழக்கும் யந்திரங்களை வாங்க முயன்றால் சிறிய பள்ளி கடனில் மூழ்கிவிடும். யந்திரங்கள்தான் ஆலையில் இருக்கின்றனவே! 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் ஆலைகள் பழகுநரைச் சேர்க்க வேண்டும் என்கிறது. 2016-ல் வந்த திட்டத்தின்படி, உதவித் தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரையில், மத்திய சர்க்கார் ஏற்றது. பள்ளிக்கூடம் கணக்கும் வரைபடமும் அபாயத் தடுப்பும் கற்பிக்கட்டும். யந்திரத்தை ஆலை கற்பிக்கட்டும். சுண்ணாம்புக் கல்லை வெட்டிக்கொள்ளும் ஆலைகளிடம் இதைக் கேட்பது யாசகமாகாது.

பிள்ளைகள் செய்த சாமான்களை விற்றே பள்ளியை நடத்தலாமே என்பார்கள் சிலர். 1937-ல் வார்தாவில் மகாத்மா காந்தி ஆதாரக் கல்வியைப் பற்றிச் சொன்னபோது, கைத்தொழில் வருமானம் பள்ளியைத் தாங்க வேண்டும் என்றார். பள்ளிக்கூடம் தொழிற்சாலையாகிவிடும் என்று அப்போதே ஆட்சேபணை எழுந்தது. அந்த ஆட்சேபணையில் நியாயம் உண்டு என்பதே நமது அபிப்பிராயம். வாத்தியார் சம்பளம் விற்பனையை நம்பி இருந்தால், நன்றாகச் செய்யத் தெரிந்த பையன் ஒரே சாமானை வருஷம் பூராவும் செய்துகொண்டிருப்பான். தெரியாதவன் கையில் உளியே வராது. விற்ற பணம் மரத்துக்கும் துணிக்கும் இரும்புக்கும் போகட்டும். மிச்சமிருந்தால் செய்தவன் கைக்குப் போகட்டும். சம்பளத்தை மட்டும் ஊரார் சந்தாவாக மாதந்தோறும் கொடுத்துவிட வேண்டும். சந்தா கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் பொறிக்க இடமிராது என்பது ஒன்றுதான் இந்த ஏற்பாட்டில் உள்ள சங்கடம்.