லயத்து வீட்டில் கடை போடாதீர்கள்

அத்தையின் முறுக்குப் பக்கம் போய் எட்டு மாதம் ஆகிறது. ஏழு வருஷம் எழுதிய பக்கம். ஒரு நாள் காலையில் யாரோ உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரம் போட்டார்கள். மத்தியானத்துக்குள் அந்தச் சமூக ஊடக நிறுவனம் பக்கத்தையே பூட்டிவிட்டது. திருடனும் வீட்டுக்காரியும் அவர்களுக்கு ஒன்றுதான். முறையீடு அனுப்பினால் இயந்திரம் பதில் எழுதுகிறது, அதுவும் ஆங்கிலத்தில்.

2018ல் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தவன் நான். அப்போது உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். "தம்பி, இதுக்குன்னு தனியா ஒரு வெப்சைட் வேணாமா?" என்று அத்தை கேட்டார். "எதுக்கு அத்தை, எல்லாரும் இங்கதானே இருக்காங்க" என்றேன். அந்தப் பதிலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலரும் இதே பதிலை உங்கள் அக்காவுக்கோ பெரியம்மாவுக்கோ சொல்லியிருப்பீர்கள். வீட்டில் கொஞ்சம் கணினி தெரிந்த பிள்ளை, கொஞ்சம் தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளை என்றால் இந்த வேலை நம் தலையில்தான் விழும்.

அத்தை எழுதியது வெறும் விலைப்பட்டியல் என்று நினைக்க வேண்டாம். மழை நாளில் மாவு ஏன் பதத்துக்கு வராது, உளுந்து விலை ஏறினால் போத்தலுக்கு எத்தனை முறுக்கு குறையும், அவர் அம்மா தோட்டத்தில் விறகடுப்பில் பிழிந்தபோது எண்ணெய்ச் சூட்டை எப்படிப் பார்ப்பார், எல்லாம் அதில் இருந்தது. தோட்ட வாழ்க்கையை எழுத ஆள் இல்லையே என்று மாதம் ஒரு கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறோம். அத்தை செனாவாங்கில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நாம் படிக்கவில்லை. ஏனென்றால் கடைசி வரியில் 'ஒரு போத்தல் 18 வெள்ளி' என்று இருந்தது.

தாத்தா நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். முப்பது வருஷம் லயத்து வீட்டில் இருந்தார். பின்னால் சமையல்கட்டு இழுத்துக் கட்டியது அவர், கறிவேப்பிலை மரம் வைத்தது பாட்டி. மண் தோட்டத்துடையது. தோட்டம் கைமாறியபோது நோட்டீஸ் வந்தது. மரத்தைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? இந்தக் கதை நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. 1960ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தாங்களே வாங்கிக்கொள்ளத்தான். இருக்கிற இடம் யார் பேரில் இருக்கிறது என்ற கேள்வியின் எடை தெரிந்த சமூகம் நாம். அப்படிப்பட்ட நாம் மூன்றாம் தலைமுறையில் போய் மறுபடி லயத்தில் கடை போடுகிறோம், வாடகை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக.

இலவசம்தான் கோளாறு, காசு கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஜியோசிட்டீஸ் இலவசம். யாஹூ அதை 2009 அக்டோபரில் மூடியபோது ஆரம்பக்கால இணையப் பக்கங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. போஸ்டரஸ் என்ற வலைப்பதிவுச் சேவையை 2012ல் ட்விட்டர் வாங்கியது, 2013ல் மூடியது. டைப்பேட் இலவசமே இல்லை. 2003லிருந்து மாதச் சந்தா வாங்கிக்கொண்டு, தொழில் செய்பவர்களையும் நம்பி நடந்த சேவை அது. 2025 செப்டம்பர் 30ஆம் தேதியோடு கதவைச் சாத்திவிட்டது. அறிவிப்புக்கும் மூடலுக்கும் நடுவில் இருந்தது ஒரு மாதத்துச் சொச்சம்.

ஆகவே 'எந்த மென்பொருளில் டெம்ப்ளேட் அழகாக இருக்கிறது' என்று ஒப்பிடும் பட்டியல்களைத் தூக்கிப் போடுங்கள். தமிழில் எழுதி வியாபாரம் செய்கிறவருக்கு நான் கேட்பது இரண்டே கேள்வி. எழுதியதை முழுசாக எடுத்துக்கொண்டு வெளியே போக முடியுமா? தமிழை அது தமிழாக நடத்துகிறதா?

இரண்டாவதில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எந்த விற்பனையாளரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கூகுளின் பிளாகரில் முழுக்கத் தமிழில் தலைப்பு வைத்துப் பதிவிட்டால், அதன் இணைய முகவரி 'பிளாக்-போஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லாகத்தான் அமையும். அடுத்த பதிவுக்கும் அதே சொல், பின்னால் ஓர் எண். முறுக்கும் 'பிளாக்-போஸ்ட்', அதிரசமும் 'பிளாக்-போஸ்ட்'. தமிழ் வலைப்பதிவுகளின் பொற்காலம் என்று அண்ணன்மார் சொல்லும் காலத்தின் முகவரிகளைப் பாருங்கள், பாதி அப்படித்தான் இருக்கும்.

வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் அளந்து ஏற்கும். முகவரிப் பகுதிக்கு அது ஒதுக்கியிருப்பது 200 எழுத்திடம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட், முகவரிக்குள் போகும்போது அது ஒன்பது இடமாக விரியும். மெய்க்கு ஒரு குறி, அதன் மேல் ஏறும் உகரத்துக்கு இன்னொரு குறி. 'செனாவாங் தீபாவளி முறுக்கு' என்று தலைப்பு வையுங்கள். 23 குறி, இரண்டு இடைவெளி, ஆக மொத்தம் 209. ஒன்பது இடம் கூடுதல், அதாவது சரியாக ஒரு குறி. முகவரியில் கடைசி உகரம் விழுந்து 'செனாவாங்-தீபாவளி-முறுக்க' என்று நிற்கும். முறுக்கு விற்க வந்தவர் யார் கையை முறுக்கப் போகிறார்? நல்லவேளை, அந்த இடத்தில் கையாலேயே சுருக்கமான முகவரி எழுதிக்கொள்ள வேர்ட்பிரஸ் விடுகிறது. தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் அரை நிமிட வேலை. நாம் பக்கத்தில் இல்லை, அதுதான் விஷயம்.

ஆப்பிள் கணினிக்குள் போன இணைமதி எழுத்துருவைச் செய்த முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தமிழிலேயே முகவரி முடிவு இருக்கிறது. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை. இதை அப்படியே விட்டு முதல் கேள்விக்குப் போகிறேன்.

எடுத்துக்கொண்டு போக முடியுமா? இதில் வேர்ட்பிரஸ் பக்கம்தான் நிற்பேன். 2003ல் அது வந்தபோது சாதாரணச் சின்ன மென்பொருள். 2004ல் மூவபிள் டைப் தன் உரிம விதியையும் விலையையும் மாற்றியதும் ஆட்கள் கிளம்பி வேர்ட்பிரஸுக்குப் போனார்கள். கிளம்ப முடிந்தது, அதைக் கவனியுங்கள். வேர்ட்பிரஸின் நிரலை யாரும் எடுத்து எங்கேயும் ஓட்டலாம். அதற்காக அது புனிதமான இடமும் இல்லை. 2024 செப்டம்பரில் அதன் நிறுவனர் மாட் முல்லன்வெக், டபிள்யூபி என்ஜின் என்ற நிறுவனத்தோடு சண்டை போட்டு அதன் வழியை அடைத்தார். அங்கே தளம் வைத்திருந்தவர்கள் வழக்கமான முறையில் செருகுநிரல்களைப் புதுப்பிக்க முடியாமல் தவித்தார்கள். ஆனால் அவர்கள் எழுத்து அவர்கள் கையில் இருந்தது, வேறு வழங்கியில் கொண்டுபோய் வைக்க முடிந்தது. கோஸ்ட் என்று இன்னொன்று, பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் பதிவான லாபநோக்கற்ற அமைப்பு நடத்துவது. நல்ல பொருள். மாதச் சந்தா அத்தை வியாபாரத்துக்குக் கொஞ்சம் கனம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் பதிவு எழுதுமுன் ஏற்றுமதிப் பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். என்ன வருகிறது என்று திறந்து பாருங்கள். வேர்ட்பிரஸ் கோப்பில் எழுத்து வரும், படம் வராது, படத்தின் முகவரிதான் வரும். படங்களைத் தனியாகச் சேமிக்க வேண்டும். இன்னொன்று, டொமைன் பெயர். ஆண்டுக்கு ஐம்பது அறுபது வெள்ளியில் டாட் காம் கிடைக்கும். அது யார் பேரில் பதிவாகிறது? சைட் செய்து தருகிறேன் என்று வருகிறவர் பல நேரம் தன் பேரிலேயே பதிந்துகொள்வார். நிலப்பட்டாவைப் புரோக்கர் பேரில் எழுதிக் கொடுப்போமா?

வாடிக்கையாளர் எல்லாம் டிக்டாக்கிலும் வாட்சப்பிலும்தானே இருக்கிறார்கள் என்பார்கள். இருக்கட்டும். பசார் மாலாமில் கூட்டம் இருக்கிறது என்று மேசை போடுகிறோம், ராத்திரி சாமானை அங்கேயே விட்டுவிட்டா வருகிறோம்? வீட்டில் எழுதி அங்கே கொண்டுபோய் விற்கலாம். 2021 அக்டோபர் 4ஆம் தேதி பேஸ்புக்கும் வாட்சப்பும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் சேர்ந்து படுத்தபோது, சொந்தத் தளம் வைத்திருந்தவர்களின் விலையும் போன் நம்பரும் தெரிந்துகொண்டுதான் இருந்தன.

உண்மையான மறுப்பு ஒன்று உண்டு, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சொந்த வழங்கியில் வேர்ட்பிரஸ் நிறுவினால் யாராவது அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செருகுநிரல் இருபது போட்டுவிட்டு மருமகன் வேலைக்குப் போய்விட்டால், ஆறு மாதத்தில் அங்கேயும் சூதாட்ட விளம்பரம் வரும். அதனால் அத்தைக்கு நான் சொந்த வழங்கி வைக்கவில்லை. பராமரிப்பை அவர்களே பார்க்கும் வேர்ட்பிரஸ் சேவை, டொமைன் அத்தை பேரில், செருகுநிரல் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுமதி செய்து ஒரு பென் டிரைவில் போட்டு, சாமி அறை அலமாரியில் வைக்கிறோம்.

பழையதில் நினைவில் இருந்ததை அத்தை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். இதுவரை பதினொன்று. எண்ணெய்ச் சூட்டைப் பார்க்கும் அந்தப் பதிவு மட்டும் முன்னே வந்த மாதிரி வரவில்லை என்கிறார். பூட்டின பக்கத்துக்கு இன்னமும் வாரம் ஒரு முறையீடு அனுப்புகிறார், இப்போதெல்லாம் தமிழில்.