பிலோமினா என்னும் பெயர்



லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சில ஆண்டுகளுக்கு முன் பெந்தெகொஸ்தே சபைக்கு வந்தவர்கள். பெற்றோர் இட்ட பெயர் பிலோமினா. அதை மாற்றிவிடும்படி விசுவாசிகள் சிலர் வற்புறுத்துகிறார்களாம். தாயாரோ ஆகஸ்ட் 11ஆம் தேதி மைசூர்த் திருவிழாவுக்குத் துணைக்கு அழைக்கிறார்கள். "அம்மாவுக்கு முழங்கால் வலி, நிலவறைப் படிகளில் கை கொடுக்க ஆள் வேண்டும். நான் போகலாமா?" என்று கேட்கிறார்கள்.

முதலில் அந்தப் படிகளுக்குக் கீழே இருப்பது என்னவென்று பார்ப்போம். 1926ஆம் ஆண்டு, மைசூர் மகாராஜாவின் செயலாளராயிருந்த தம்பு செட்டியார், பாப்பரசரின் பிரதிநிதியாகிய பீட்டர் பிசானியிடமிருந்து புனித பிலோமினாவின் அருளிக்கத்தைப் பெற்றார். அருளிக்கம் என்பது புனிதரின் உடலில் எஞ்சிய சிறு பகுதி. 1933 அக்டோபர் 28 அன்று நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். கிறிஸ்தவரல்லாத அரசர் அவர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 175 அடி உயர இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. அருளிக்கமோ பலிபீடத்துக்குக் கீழே நிலவறையில் வைக்கப்பட்டது.

இந்த எலும்பின் கதை ரோமாபுரியில் தொடங்குகிறது. 1802 மே மாதத்தில், பிரிஸ்கில்லா என்னும் பழைய நிலத்தடிக் கல்லறையில் இளம்பெண் ஒருத்தியின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. கல்லறையை மூடியிருந்த மூன்று ஓடுகளை வரிசை மாற்றி வாசித்தால், "பிலோமினாவே, உனக்குச் சமாதானம்" என்னும் பொருள் வந்தது. நங்கூரமும் அம்புகளும் அவற்றில் வரையப்பட்டிருந்தன. அருகில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதிலிருந்தது இரத்தம் என்று எண்ணி, அவளை இரத்தசாட்சி என்று தீர்மானித்தார்கள். 1805இல் எலும்புகள் நேப்பிள்ஸ் அருகேயுள்ள முஞானோ ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவள் கிரேக்க இளவரசி, தியோக்கிளேத்தியன் பேரரசனை மணக்க மறுத்ததால் கொல்லப்பட்டாள் என்ற வரலாறெல்லாம் 1833இல் ஒரு கன்னியாஸ்திரீக்குக் கிடைத்த வெளிப்பாடாகச் சொல்லப்பட்டது. கல்லறையில் இதில் ஒரு வரியும் இல்லை.

இதை நாம் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒராசியோ மாருக்கி என்னும் கத்தோலிக்க அகழாய்வாளர், ஓடுகள் வேறொருவருடைய பழைய கல்லறையிலிருந்து எடுத்து மீண்டும் பயன்படுத்தப்பட்டவை என்று வாதிட்டார். வரிசை மாறியிருந்ததற்கு அதுவே காரணமாம். 1961 பிப்ரவரி 14 அன்று வத்திக்கான் அவளுடைய திருநாளை எல்லா வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்தும் நீக்கியது. ஆயினும் தனிப்பட்ட பக்தி தொடர்கிறது. மைசூரில் திருவிழாவும் நிற்கவில்லை.

ஆகையால், "உங்கள் புனிதை கட்டுக்கதை" என்று அந்தத் தாயாரிடம் சொல்லிவிடலாமா? அந்தப் பெண் கட்டுக்கதை அல்லவே! யாரோ ஒரு பெண் அங்கே அடக்கம்பண்ணப்பட்டாள். அவளுடைய உண்மையான பெயரைக்கூட நாம் அறியாதிருக்கலாம், தேவன் அறிவார்.

எலும்புகளைக் கனம்பண்ணுவது வேதத்துக்குப் புதிதல்ல. யோசேப்பின் எலும்புகளை இஸ்ரவேலர் வனாந்தரமெல்லாம் சுமந்தார்கள். எலிசாவின் எலும்புகள்மேல் பட்ட பிரேதம் உயிரடைந்ததை 2 இராஜாக்கள் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனால் அதற்குப்பின் அந்தக் கல்லறையை நோக்கி யாரும் ஜெபித்ததாக வேதத்தில் இல்லை. நம்முடைய விலகல் இந்த இடத்தில்தான். எலும்பைப் பத்திரப்படுத்துவது வேறு, மரித்தவரிடம் வேண்டுதல் செய்வது வேறு. (பிரசங்கியார் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்க் குப்பியைத் தலையணைக்குக் கீழே வைத்து உறங்குகிற நம்மவர்களும் இதைச் சற்று யோசிக்கட்டும்.)

சகோதரியே, அம்மாவோடு போங்கள். மைசூர் ரயிலில் அவர்களுக்கு ஜன்னலோரம் இடம்பிடித்துக் கொடுங்கள். படிகளில் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, அவர்கள் முழங்காற்படியிடும்போது நீங்கள் நின்றுகொண்டு இயேசுவை நோக்கி ஜெபியுங்கள். ஏன் முழங்காற்படியிடவில்லை என்று அம்மா கேட்டால், திரும்பிவரும் வழியில் பொறுமையாகச் சொல்லுங்கள். நிலவறையில் வைத்துத் தர்க்கம் வேண்டாம்.

பெயரை மாற்றவேண்டும் என்று வேதம் எங்கும் கட்டளையிடவில்லை. பிலோமினா என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. "நேசிக்கப்பட்டவள்" என்பது அதன் பொருள். வற்புறுத்துகிற விசுவாசிகளிடமும் அதைச் சொல்லுங்கள்.