அட்வான்ஸ் கொடுக்கும் முன்: வெள்ளம் வடிந்த வீட்டை யார் கையில் ஒப்படைக்கிறோம்?



மன்னார்புரத்திலிருந்து கூப்பிடு தூரம்தான் எடமலைப்பட்டிபுதூரும் கருமண்டபமும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பலமா அடிச்சா, இங்க இருக்கிறவங்க முதல்ல போன் போட்டுக் கேட்கிறது, "கோரையாத்துல தண்ணி எவ்வளவு போகுது?" என்பதைத்தான். 1977 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி ஊருக்குள்ள புகுந்ததைப் பெரியவங்க இன்னைக்கும் சொல்வாங்க. 2005 நவம்பரில் மறுபடியும் அதே கதை. 2021 நவம்பரில் குடியிருப்புகளைத் தண்ணி சூழ்ந்ததை நம்மில் பலர் நேராகவே பார்த்தோம்.

தண்ணி நிக்கிற வரைக்கும் எல்லாரும் வருவாங்க. படகு வரும், சோத்துப் பொட்டலம் வரும், கேமரா வரும். தண்ணி வடிஞ்ச மறுநாள் யாரும் இருக்க மாட்டாங்க. ஈரச் சுவரும், சேறு படிஞ்ச தரையும், கருகின சுவிட்ச் போர்டும்தான் மிச்சம். அன்னைக்கு வாசல்ல ஒருத்தர் வந்து நிப்பார். "அம்மா, பத்து நாள்ல எல்லாம் புதுசு மாதிரி பண்ணித் தர்றேன். சிமெண்ட் விலை ஏறப் போகுது, இப்பவே பாதிப் பணம் கொடுங்க" என்பார். பீரோவில் மிஞ்சின நகை அடகுக்குப் போகும். பணம் கை மாறும். ரெண்டு நாள் வேலை நடக்கும். மூணாம் நாள்ல இருந்து போனை எடுக்க மாட்டார்.

ஏமாந்தவங்களைப் பார்த்து "விசாரிச்சுக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்பது சுலபம். புள்ளைங்க ஈரத் தரையில படுத்திருக்கும்போது எந்தத் தாய் நிதானமா நாலு பேர்கிட்ட கொட்டேஷன் கேட்பா? அவசரத்தில் இருக்கிறவங்களைச் சந்தையில் தனியா விட்டது யாரோட குற்றம்? அதைத்தான் நாம பேசணும்.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். 2022-26 காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த பேரிடர் நிவாரண நிதி விதிமுறைப்படி, சமவெளியில் முழுசா இடிஞ்ச வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குடிசைக்கு 8,000. பகுதி சேதமான கான்கிரீட் வீட்டுக்கு 6,500, அதுவும் சேதம் குறைந்தது 15 சதவீதம் இருந்தால்தான். மாநில அரசு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குச் சென்னைப் பகுதியில் குடும்பத்துக்கு 6,000 கொடுத்தது. 2024 ஃபெஞ்சல் புயலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் 2,000. ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், மூணு நாள் கூலி, நாலு மூட்டை சிமெண்ட். அத்தோட 6,500 தீர்ந்தது. மீதி எல்லாம் கடன். கடன் வாங்கின காசை ஒருத்தர் சுருட்டிட்டுப் போனா, அந்தக் குடும்பத்துக்கு அது ரெண்டாவது வெள்ளம்.

இதுல சட்டம் எங்க நிக்குது? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ல வந்தது. ஆனா அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது 8 குடியிருப்புக்கு மேற்பட்ட திட்டங்களுக்குத்தான். உங்க வீட்டு ரிப்பேர் அதுக்குள்ள வராது. கலிபோர்னியாவில் வீட்டுப் பழுதுவேலைக்கு ஒப்பந்தக்காரர் வாங்கக்கூடிய முன்பணம் மொத்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதுதான். புளோரிடாவில் பேரிடர் நெருக்கடிக் காலத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஒப்பந்த வேலை எடுத்தால் அது சிறைக்குப் போகிற அளவுக்குக் குற்றம். நம்ம ஊர்ல முன்பணத்துக்கு வரம்பு போடுற விதியே இல்லை.

"அப்போ இங்கயும் லைசென்ஸ் கொண்டு வந்திடலாமே?" என்று சில தோழர்கள் கேட்கிறாங்க. கவனமா யோசிக்கணும். கரணை பிடிச்சுப் பிழைக்கிற கொத்தனாரை லைசென்ஸுக்காக ஆபீஸ் ஆபீஸா அலையவிட்டா, லஞ்சத்துக்கு இன்னொரு கதவு திறக்கும். ஏமாத்துறவன் பெரும்பாலும் கொத்தனார் இல்லை. நடுவுல நின்னு பணம் வாங்குற ஆள்தான். அவன் ஓடிப்போனா கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக் கூலி போச்சு. வீட்டுக்காரரும் தொழிலாளியும் ஒரே ஆள்கிட்ட ஏமாந்துட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சண்டை போடுறதுதான் கொடுமை.

புதுசா ஒண்ணும் தேட வேண்டாம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லேயே அமைஞ்சது. அங்க பதிவு இருக்கு, அட்டை இருக்கு. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலநிதியா வசூலும் ஆகுது. அந்தப் பதிவை மக்களுக்குப் பயன்படுற மாதிரி திறந்து வைக்கிறதுக்கு என்ன தடை?

நம்ம கோரிக்கைகள் நாலு:

1. வெள்ளம் பாதித்த ஒவ்வொரு வார்டிலும், நல வாரியத்தில் பதிவு செய்த மேஸ்திரி, கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர் பட்டியலை, அவங்க சம்மதத்தோட மாநகராட்சி ஒட்ட வேண்டும்.

2. பொதுப்பணித் துறைக்கு ஆண்டுதோறும் விலைப்பட்டியல் இருக்கு. அதை வச்சுப் பூச்சு, தளம், ஒயரிங் வேலைக்கு நியாயமான விலை என்னன்னு எளிய தமிழில் அறிவிக்க வேண்டும்.

3. ஒரே பக்கத்தில் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை ரேஷன் கடையிலேயே கொடுக்க வேண்டும். முன்பணத்துக்கு உச்சவரம்பு அதில் இருக்க வேண்டும்.

4. சேதத்தைக் கணக்கெடுக்க வருகிற குழுவில் ஒரு பொறியாளர் இருக்க வேண்டும். எந்தச் சுவர் நிற்கும், எது இடிக்கணும் என்று அவர் எழுதிக் கொடுத்தால் பாதி ஏமாற்று அங்கேயே நின்னுடும்.

அரசு செய்யும் வரை நாம கையைக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது. வீட்டு வேலை கொடுக்கப் போறவங்க இதைப் படிச்சு வச்சுக்கோங்க:

✔ முதல்ல மின்சாரம். தண்ணி ஏறின மெயின் போர்டை நீங்களா போட்டுப் பார்க்காதீங்க. தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் ஒயரிங்கைச் சோதிச்ச பிறகுதான் சுவிட்ச்.

✔ பெயிண்ட் கடைசி. செங்கல் குடிச்ச தண்ணி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். ஈரச் சுவரில் பட்டி பார்த்து அடிச்சா உப்பு பூத்து உரிஞ்சு விழும். "இந்த வாரமே அடிச்சுடலாம்" என்கிறவருக்கு அவர் பில் முக்கியம், உங்க சுவர் இல்லை.

✔ பேசினதை எழுதுங்க. லேபர் மட்டுமா, மெட்டீரியலோடவா? எத்தனை சதுர அடி? என்ன சிமெண்ட்? எப்போ முடியும்? ரெண்டு பேரும் கையெழுத்து.

✔ பாதிப் பணம் முன்னால வேண்டாம். முடிஞ்ச வேலைக்கு முடிஞ்ச அளவு. கடைசித் தவணையைக் கையில வச்சுக்கோங்க. மெட்டீரியலை முடிஞ்சவரை நீங்களே வாங்குங்க. பணத்தை வங்கி வழியா கொடுங்க, இல்லைன்னா ரசீது வாங்குங்க.

✔ கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி போய்ச் சேருதான்னு அவங்ககிட்டயே கேளுங்க. கூலி பாக்கின்னா, அடுத்து ஓடப் போறவர் யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

✔ செப்டிக் டேங்குக்குள்ள ஆளை இறக்காதீங்க. கெஞ்சினாலும், குறைஞ்ச காசுக்கு வர்றேன்னு சொன்னாலும் வேண்டாம். பாதுகாப்பு இல்லாம இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். அதைவிட, அது ஒரு மனுஷ உயிர். மாநகராட்சியைக் கூப்பிட்டு லாரி வரவைங்க.

ஏற்கெனவே ஏமாந்துட்டீங்களா? வெட்கப்பட்டு வாயை மூடிக்காதீங்க. வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் 'சேவை'தான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இருக்கு. நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போடணும். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்க. கையில ஒரு துண்டுச் சீட்டாவது இருந்தா வழக்கு நிக்கும். எழுதி வாங்குங்கன்னு சொல்றது அதுக்காகத்தான்.

கிளைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளத்தின்போது இடுப்பளவுத் தண்ணியில இறங்கி வேலை செஞ்சவங்க நீங்க. அதே அக்கறை தண்ணி வடிஞ்ச பிறகும் வேணும். உங்க தெருவில் யார் வீட்டில் வேலை நடக்குதோ, அந்த ஒப்பந்தத்தைப் படிச்சுச் சொல்லுங்க. தனியா இருக்கிற வயசான அம்மா பணம் கொடுக்கும்போது பக்கத்துல சாட்சியா உட்காருங்க. நம்ம பகுதியில் நாணயமா வேலை செய்யுற மேஸ்திரி பேரை மத்தவங்களுக்குச் சொல்லுங்க. ஒரே ஒரு எச்சரிக்கை: இதுல கமிஷன் வாங்குறவர் யாராக இருந்தாலும், நம்ம துண்டையே தோளில் போட்டிருந்தாலும், அவரும் அந்த நடுவாளும் ஒண்ணுதான்.

மழையை நாம நிறுத்த முடியாது. மழை விட்டப்புறம் நம்ம சனங்க ஏமாறுறதை நிறுத்த முடியும்.

படிச்சுட்டுக் கடந்து போகாதீங்க. மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்க தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுங்க.

#வெள்ளத்துக்குப்_பிறகும்_மக்களோடு
#எழுதி_வாங்கு