காரைக்காலைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடலாமா?

தி. நகரில் நான் காரைக்கால்காரன் என்று சொன்னால் முதலில் "திருநள்ளாறா சார்?" என்பார்கள். அடுத்த கேள்வி, "அது ஏன் இன்னும் தனியா இருக்கு? தமிழ்நாட்டோட சேர்த்துட்டா என்ன?"

வரைபடத்தைப் பார்த்தால் கேள்வி நியாயம்தான். சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே வங்கக் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. புதுச்சேரிக்குப் போக சுமார் 130 கிலோமீட்டர், அதுவும் தமிழ்நாட்டு வழியாக. 2011 கணக்குப்படி ஜனத்தொகை 2,00,222. ஒரு நகராட்சி (எங்கள் பெரியவர்கள் வாயில் அது 'மேரி'), அப்புறம் கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று ஐந்து கொம்யூன். அவ்வளவுதான்.

இன்னொரு சங்கடம் தண்ணீர். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு எல்லாம் காவிரி நீர்தான், நாங்களோ கடைமடை. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. உண்மையில் காரைக்கால் வயல்களுக்கானது. அது தஞ்சைத் தரணியைத் தாண்டி வந்து சேர வேண்டும். மேலே மதகு திறக்கவில்லை என்றால் இங்கே நாற்று காயும்.

அப்படியும் நான் இணைப்புக்கு ஒப்பமாட்டேன். பிரெஞ்சில் படித்தவனின் பழைய பாசம் என்று நினைக்க வேண்டாம். 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர், 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1956 மே 28-ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்து என்ன சொல்கிறது? இந்தப் பகுதிகளின் தனி நிர்வாக அந்தஸ்தை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும் என்கிறது. 1979-ல் டெல்லியில் இணைப்புப் பேச்சு எழுந்தபோது புதுச்சேரி எப்படிக் கொந்தளித்தது என்பது நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சட்டத்தை விடுங்கள், லாபத்தைப் பாருங்கள். 2010-ல் என்.ஐ.டி. வந்தது. 2016-ல் ஜிப்மர் கிளை வந்தது. தமிழ்நாட்டின் ஒரு மூலைத் தாலுகாவாக இருந்திருந்தால், இரண்டு லட்சம் பேருக்கு இதெல்லாம் யார் கொடுத்திருப்பார்கள்? வரிசையின் கடைசியில் நின்றிருப்போம்.

ஆனால் புதுச்சேரியிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. 30 தொகுதிகளில் எங்களுக்கு 5. எங்கள் குரல் அங்கே எவ்வளவு எடுபடும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோப்பு அங்கே போனால், பின்னாலேயே ஆளும் பஸ் ஏற வேண்டும். குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன் சொல்கிறேன், கோப்புக்குக் கால் கிடையாது. யாராவது தள்ளினால்தான் நகரும். காரைக்காலில் கலெக்டர் இருக்கிறார், அலுவலகங்களும் இருக்கின்றன. பணி நியமனம், நிதி ஒப்புதல் இரண்டிலும் ஒரு வரம்பு வரை அங்கேயே முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால், பாதிப் பேர் இணைப்புப் பேச்சையே எடுக்கமாட்டார்கள்.