செஞ்சந்தனம்

புரட்டாசி பிறந்து கொலுப்படி கட்டும் நாளில் பரணிலிருந்து முதன் முதலாக இறங்குவது மரப்பாச்சி தம்பதிகள்தாம். மண் பொம்மைகள் உடைகின்றன. காகிதக் கூழ்ப் பொம்மைகளைப் பூச்சி அரிக்கின்றது. பாட்டியின் கலியாணத்தில் சீராக வந்த மரப்பாச்சி மட்டும் பேத்தியின் கையிலும் விளையாடுகிறது. காலணா அகலப் பட்டுத் துணியைச் சுற்றி, பொட்டு வைத்து, முதற்படியில் நிறுத்திவிட்டு நாம் வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். அந்தக் கருஞ்சிவப்புக் கட்டை எங்கே விளைந்தது, ஏன் அவ்வளவு கனக்கிறது, அதற்காக என்ன என்ன நடந்திருக்கின்றன என்பதைப் பற்றி நம்மில் அநேகர் சிந்திப்பதில்லை. இவ்வாரம் அதைச் சற்றுச் சிந்திக்கலாம்.

மரப்பாச்சி சில இடங்களில் கருங்காலியிலும் செய்யப்படுவதுண்டு. ஆயினும் பெயர் பெற்றது திருப்பதிப் பக்கத்துச் செம்மரப் பொம்மையே. செம்மரத்துக்குச் செஞ்சந்தனம் என்றும் பெயர். தெலுங்கர் எர்ரசந்தனம் என்பார்கள். பெயரில் சந்தனம் இருக்கிறதே யொழிய, நாம் அரைத்துப் பூசிக்கொள்ளும் சந்தனத்துக்கும் இதற்கும் யாதொரு உறவும் கிடையாது. வாசனைச் சந்தனம் பிற செடிகளின் வேரில் வேரைச் செலுத்திச் சாரத்தை உறிஞ்சி வாழும் மரம். செம்மரமோ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேங்கை மரத்துக்கு உடன் பிறந்தது போன்றது. முகர்ந்து பார்த்தால் மணம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இராது. நிறம் ஒன்றே அதன் செல்வம்.

இம்மரம் இயற்கையாக வளரும் இடம் உலகத்திலே ஒன்றே ஒன்றுதான். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென் பாகத்தில் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா, லங்கமலை என்று சொல்லப்படும் குன்றுகளும் அவற்றைச் சுற்றியுள்ள காடுகளுமே அதன் தாயகம். கடப்பை, சித்தூர், நெல்லூர்ச் சீமைகளில் பெரும்பகுதியும், கர்நூல், பிரகாசம் பக்கங்களில் கொஞ்சமும், தமிழ் நாட்டின் வட எல்லையில் சிறிதும் உண்டு. நல்ல மண்ணும் தாராளமான மழையும் உள்ள இடத்தில் இது செழிக்கும் என்று நினைப்பது தவறு. வெயில் கொளுத்துகின்ற, பாறையும் சரளையுமான சரிவுகளே இதற்கு உகந்தவை. பட்டை கறுத்து, முதலையின் தோல்போல வெடித்திருக்கும். இலை மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். கோடையில் மஞ்சட் பூ பூக்கும். பார்வைக்கு ஓர் ஏழை மரம். வெட்டிப் பார்த்தவனுக்குத்தான் அதன் உள்ளம் தெரியும்.

மரத்தின் வெளிப்புறத்தில் உள்ள வெளிறு வெண்மையாயிருக்கும்; தச்சனுக்கு அதனால் பிரயோசனம் சொற்பம். நடுவில் உள்ள வைரந்தான் பொருள். அறுத்தவுடன் அது கிச்சிலிப் பழமும் குங்குமமும் கலந்தாற்போல் ஜொலிக்கிறது. காற்றும் வெளிச்சமும் படப் பட நிறம் ஆழ்ந்து, திராட்சை ரசம் போலாகி, பல வருஷங்கள் சென்றபின் ஏறக்குறையக் கறுப்பாகிவிடுகிறது. பழைய மரப்பாச்சியின் முகம் கறுத்திருப்பதற்கு எண்ணெய் மட்டும் காரணமன்று. ஒரு கன அடித் தேக்கின் எடை சுமார் 19 கிலோ. ஒரு கன அடித் தண்ணீரின் எடை 28 கிலோ. செம்மர வைரமோ சுமார் 31 கிலோ. ஆகையால் தண்ணீரில் போட்டால் மிதவாது. கல்லைப் போல அடியில் போய் உட்கார்ந்துவிடும். கறையானும் அதன் பக்கம் அணுகுவதில்லை.

இத்தகைய மரத்தில் வேலை செய்வது பொறுமைசாலிகளுக்கே சாத்தியம். இழை முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடப்பதால் இழைப்புளியை ஒரே பக்கமாக ஓட்டினால் செதிலாகப் பெயர்ந்து வரும். தேக்கில் நெடுநேரம் நிற்கும் கூர்மை இதில் சீக்கிரம் மழுங்கிவிடும். உளியை அடிக்கடி சாணையில் தீட்டவேண்டும். கட்டையை அவசரமாக வெயிலில் காயவைத்தால் முனையிலிருந்து விரிசல் ஓடும். நிழலில் மெள்ள மெள்ள உலரவேண்டும். அறுக்கும்போது பறக்கும் தூள் மூக்கையும் கண்ணையும் உறுத்தும். இவ்வளவையும் சகித்துக்கொண்டு அரம் போட்டு, உப்புத்தாள் தேய்த்து, சிறிது தேன்மெழுகு பூசித் துடைத்தால், வார்னிஷ் ஒரு சொட்டும் இல்லாமலே கண்ணாடி போன்ற மெருகு ஏறுகிறது. மயிரிழை போன்ற நுட்பமான செதுக்கு வேலையும் அதில் சிதையாமல் நிற்கும். கடைசல் வேலைக்கும் நன்று. ஆனால் வைரம் பருமனாகக் கிடைப்பது அரிது. ஆகவே அகலப் பலகைக்கு இது ஏற்ற மரமன்று.

சிவப்புக்குக் காரணம் வைரத்தில் உள்ள சான்டலின் என்னும் சாயப்பொருள். இது தண்ணீரில் அநேகமாகக் கரையாது. சாராயத்தில் போட்டால் உடனே இரத்தம் போலக் கரைந்து இறங்கும். கட்டை அசல்தானா என்று பார்க்கும் எளிய வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் இது மட்டும் போதாது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் வேங்கை இனத்து மரங்கள் சிலவும் சிவந்தவையே. இந்தச் சாயத்துக்காகவே ஒரு காலத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகக் கட்டையை ஏற்றிச் சென்றன. கம்பளித் துணிக்கு நிறமூட்டினார்கள்; மருந்துக் கடைகளில் லவண்டர்த் தைலத்தைச் சிவக்கச் செய்தார்கள். இங்கிலாந்தின் பழைய சமையற் குறிப்புகளில் உணவுக்கு நிறங்கொடுக்கவும் இதன் பொடி சொல்லப்பட்டிருக்கிறது. தார்ச்சாயங்கள் தோன்றியபின் அந்த வியாபாரம் ஒடுங்கிற்று.

சாயம் போயிற்று, மரத்தின் மதிப்புப் போகவில்லை. சீனர்கள் இதனை ஸிதான் என்று அழைத்து அரச மரமாகக் கொண்டாடினார்கள். மிங், சிங் வம்சத்து அரண்மனைகளில் நாற்காலியும் பெட்டியும் மறைப்புத் தட்டிகளும் இதில் செய்யப்பட்டன. பெய்ஜிங் நகரில் 1999-ம் வருஷம் இம்மர வேலைப்பாடுகளுக்கென்றே ஒரு பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. ஜப்பானியருடைய ஆசை வேறு விதம். அவர்களுடைய மூன்று தந்தி வாத்தியமாகிய ஷாமிஸனின் கழுத்துக்கு உயர்ந்த மரம் இதுவே. அதிலும் இழை நேராக ஓடும் கட்டை அவர்களுக்கு இரண்டாந்தரம். நீரலை போல் நெளிந்து ஓடுகின்ற கட்டைக்குத்தான் அதிக விலை. வெளிப்பார்வையில் எந்த மரம் நெளியிழை கொண்டது என்று சொல்லுவது கஷ்டம்; அப்படிப்பட்டவை மிகச் சிலவே.

கடப்பை மலையில் வெட்டிய கட்டை கடல் கடந்து சென்று சீனத்து மேஜையாகவும் ஜப்பானிய வீணையாகவும் மாறிப் பல மடங்கு விலை பெறுகிறது. நாமோ அதை நிறுத்து விற்பவர்களாகவே இருந்துவிட்டோம். மரப்பாச்சிக்குமேல் நம் தச்சர்களுக்கு இதில் என்ன வேலை கொடுத்தோம் என்று கேட்டால், சில சுவாமி விக்கிரகங்களைத் தவிரச் சொல்வதற்கு அதிகமில்லை.

இதைவிடத் துயரமான விஷயம் ஒன்று உண்டு. உலக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் அட்டவணையில் 1995-ல் செம்மரம் சேர்க்கப்பட்டது. காட்டுக் கட்டையை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு இந்தியச் சர்க்காரும் தடை விதித்தார்கள். பறிமுதல் செய்த கட்டைகளை மட்டும் விசேஷ அநுமதி பெற்று ஏலம் போட்டார்கள். தடையினால் விலை ஏறிற்று. விலையினால் கள்ளக் கடத்தல் வளர்ந்தது. கடத்தலின் லாபம் யாருக்கோ. கோடரி பிடித்தவர்களோ ஜவ்வாது மலை முதலிய இடங்களிலிருந்து கூலிக்கு அழைத்துப் போகப்பட்ட ஏழைகள். 2015-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசாரின் துப்பாக்கிக்கு 20 பேர் இரையானார்கள். மாண்டவர்கள் தமிழ் நாட்டவர்கள். வெட்டுக்காரர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றனர் போலீசார். மனித உரிமைச் சங்கங்கள் அதை ஒப்புக்கொள்ளாமல் விசாரணை கோரின. காடு திருடப்படக் கூடாது என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. ஆனால் துறைமுகத்தில் பெட்டி கட்டி அனுப்புகிறவனை விட்டுவிட்டு மலையில் சுமை தூக்குகிறவன் மார்பில் குண்டு பாய்வதுதான் காட்டைக் காக்கும் வழி என்பதையும் நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

செம்மரம் அணுசக்தி உலைகளுக்கு வேண்டியிருக்கிறது, ஆகையால்தான் இந்த விலை என்று ஒரு வதந்தி நடமாடுகிறது. அதற்கு யாதொரு ஆதாரமும் இல்லை. மேஜை மீதும் இசை மீதும் உள்ள மோகமே போதுமான காரணம்.

சொந்த நிலத்தில் செம்மரம் நடுகிற விவசாயிகள் நம் நாட்டில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: விளம்பரக்காரர்கள் சொல்லுகிற அவசரத்தில் இம்மரம் விளைவதில்லை. நன்கு நீர் பாய்ச்சினால் மரம் பருக்கும். வைரமோ பல வருஷம் கழித்தே பற்றத் தொடங்கி, மெள்ளப் பெருகும். மகனை எண்ணி நடவேண்டிய மரம் இது. நட்டதை வெட்டுவதற்கும் கொண்டுபோவதற்கும் வனத்துறையாரின் அநுமதி வேண்டும் என்பதால், கன்று வைக்கும்போதே நிலத்தின் ஆவணங்களில் மரத்தைப் பதிவு செய்து வைப்பது நல்லது.

கடைசியாக, வீட்டில் உள்ள பழைய மரப்பாச்சியைப் பற்றி நேயர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். பெயிண்டு அடிக்க வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். சாராயம் கலந்த திரவங்களால் துடைத்தால் துணியோடு நிறமும் வந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசியைத் துடைத்து, இரண்டு துளி நல்லெண்ணெயோ கொஞ்சம் தேன்மெழுகோ தடவி, ஒரு நாள் கழித்து அழுந்தத் தேய்த்தால் போதும். விரிசல் கண்டிருந்தால் வெயிலில் வைக்காமல், பழைய வேஷ்டித் துணியில் சுற்றி வைக்கவும். தம்பதிகளில் ஒன்று தொலைந்துபோய் மற்றொன்றுக்கு ஜோடி தேடுகிறவர்கள், புதிது சில வருஷங்களுக்குச் சிவப்பாகவே இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்கவும்.