மூன்றாம் இரவு

31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தேன். ஆண்கள் வார்டில் இரவுப் பணி பார்த்தவர்களுக்குத் தெரியும், தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் மூன்றாம் இரவுதான் கண்டம்.

ஒரு கொத்தனாரை என்னால் மறக்க முடியவில்லை. வயது 40 இருக்கும். வெள்ளிக்கிழமை கோயிலில் கயிறு கட்டி, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி வலிப்பு. ஞாயிறு இரவு எங்கள் வார்டில், போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். போர்வையில் ஒன்றுமில்லை. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று, கையில் கரண்டி இருப்பதுபோல வெறும் காற்றில் சுவர் பூச ஆரம்பித்துவிட்டார். கலவை கொண்டுவரச் சொல்லி சித்தாளைக் கூப்பிட்டார். கீழே விழுந்துவிடுவாரோ என்று துணியால் கட்டிலோடு கட்டினோம். மஞ்சள் கயிறு இருந்த அதே மணிக்கட்டில்.

மனஉறுதி இல்லாதவன் என்று குடிகாரனைத் திட்டுகிறோம். அந்த மனிதர் உறுதியோடு நிறுத்தியதால்தான் சாவின் விளிம்புக்கு வந்தார். ஆண்டுக்கணக்கில் மதுவுக்குப் பழகிய மூளை, அது சட்டென நின்றதும் தறிகெட்டு ஓடும். இதற்கு மருந்து உண்டு. அமைதிப்படுத்தும் மாத்திரையை அளவாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைக்க வேண்டும். வைட்டமின் பி1 ஊசியைக் குளுக்கோஸுக்கு முன்பே போட வேண்டும். அதை மறந்து வெறும் பாட்டில் ஏற்றினால் நினைவாற்றலே நிரந்தரமாகப் பழுதாகலாம். ஒரு வாரம், ஒரு கட்டில், விவரம் தெரிந்த ஒரு செவிலியர். பெரும்பாலானோர் பிழைத்துவிடுவார்கள்.

அந்த மதுவைத் தமிழ்நாட்டில் 2003 இறுதியிலிருந்து சில்லறையாக விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம்தான். அதன் மூலம் அரசுக்கு வரும் ஆண்டு வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் கடை மூடிய அன்றைக்குக் கை நடுங்கத் தொடங்கும் மனிதன் எங்கே போவான்? பக்கத்து ஊர்க் கடைக்கு. இல்லையென்றால் பாக்கெட் சாராயத்துக்கு. அந்தச் சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பார்த்தோம். 60 பேருக்கு மேல் செத்தார்கள்.

மூடும் ஒவ்வொரு கடைக்கும் ஈடாக, அருகிலுள்ள தாலுகா மருத்துவமனையில் குடிநிறுத்தத்துக்கென்றே சில படுக்கைகளைத் திறக்க வேண்டும். மூடாத கடைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். மாவட்டத் தலைநகர் வரை கணவனைப் பஸ்ஸில் அழைத்துப் போக, வலிப்பு வந்த வீட்டில் யாருக்கும் தெம்பிருக்காது. கோயிலில் கயிறு கட்டுபவர்களும், "நேரா ஆஸ்பத்திரிக்குப் போப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம்.

ஐந்தாம் நாள் அந்தக் கொத்தனார் தெளிந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். அவர் மனைவி வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"போன வருசமும் நிறுத்துனாரு சிஸ்டர். ரெண்டாம் நாளே இப்படித்தான் கை கால் உதறுச்சு. செத்துருவாரோன்னு பயந்து, நானே கடையில வரிசையில நின்னு ஒரு குவார்ட்டர் வாங்கிட்டு வந்து கொடுத்தேன்."