கழுத்து மருவும் ஒரு நாள் பேரும்

கடந்த மழைக்காலத்தில் வட்டவளைக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் சில குடும்பங்களைச் சந்திக்கப் போயிருந்தேன். மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கிவந்த ஒரு தாய், சேலைத் தலைப்பால் கழுத்தை மூடியபடியே என்னோடு பேசினார். குளிராக்கும் என்று நினைத்தேன். தலைப்பு விலகியபோதுதான் தெரிந்தது, ஐந்து ரூபாய் நாணய அளவில் அங்கே ஒரு புண்.

"ஒண்ணுமில்லீங்க சாமி. கழுத்துல ஒரு மரு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு நூலைக் கட்டிவிட்டேன். அது விழல. பக்கத்து வீட்டுல சுண்ணாம்பும் சோடாவும் கொழைச்சுப் பூசினாங்க. மரு போயிருச்சு, புண்ணுதான் ஆற மாட்டேங்குது."

"எத்தனை நாளாச்சு அம்மா?"

"ஒரு மாசம் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குப் பேரு போயிருமே சாமி."

மறுவாரம் ஒருவாறு அவரை வைத்தியசாலைக்கு அனுப்பிவைத்தோம். புண்ணைக் கழுவிக் கட்டிய டொக்டர், அது ஆறாமல் இருப்பதைக் கண்டு இரத்தத்தையும் சோதித்தார். சீனி மிக அதிகமாக இருந்தது. தனக்குச் சீனி வருத்தம் இருப்பது அதுவரை அந்தத் தாய்க்குத் தெரியாது.

காணி, வீடு, சம்பளம் என்று எழுத வேண்டிய விடயங்கள் எத்தனையோ இருக்க, மருவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். யுத்தத்தாலும் மண்சரிவாலும் மண்ணை விட்டு வந்த எமது விவசாயக் குடும்பங்களுக்குப் பெரிய கவலைகளே போதும் என்பது உண்மை. ஆனால் சின்ன வருத்தம் என்று நாம் ஒதுக்கி வைப்பது, சில வேளைகளில் பெரிய வருத்தத்தின் வாசற்படியாக இருக்கிறது. அந்தத் தாயின் கழுத்து எனக்குக் கற்பித்த பாடம் இதுதான்.

மரு என்றால் என்ன?

நாம் மரு, பாலுண்ணி என்று பல பெயர்களைக் கலந்து சொல்கிறோம். முதலில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். கையிலும் காலிலும் சொரசொரப்பாகத் தடித்து வருவது ஒரு வகை. அது வைரஸ் கிருமியால் வருவது; ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடியது. சிறுபிள்ளைகளில் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடங்களில் தானாகவே மறைந்துவிடும்.

கழுத்து, அக்குள், கண்ணிமை, மார்பகத்தின் கீழ், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் மெல்லிய காம்பு வைத்து, மிருதுவாகத் தொங்குவது மற்ற வகை. இதைத் தொங்கு மரு என்று சொல்லலாம். அரிசி மணி அளவிலிருந்து சிலருக்குத் திராட்சை அளவுவரை வளரும். இது தொற்றாது. இது புற்றுநோயும் அல்ல. தோலும் தோலோடு தோல் அல்லது துணி உரசும் இடங்களில் தோல் சற்று அதிகமாக வளர்ந்து வருவதே இது. நடுவயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒன்றாவது இருக்கும். கர்ப்ப காலத்திலும் உடல் பருத்தவர்களிடத்திலும் கூடுதலாகக் காணப்படும்.

மருவுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்ளும் வழக்கம் எமது மக்களிடையே நெடுநாளாக உண்டு. தமிழ்நாட்டின் வைத்தீஸ்வரன் கோயிலில் இன்றும் பக்தர்கள் அவற்றைச் செலுத்துகிறார்கள். கத்தோலிக்க மக்களிடத்திலும் இவ்வழக்கம் இருக்கிறது. யாருடைய நம்பிக்கையையும் நான் பழிக்கவில்லை. ஆயினும் தானாக மறையும் தன்மை வைரஸ் மருவுக்கே உண்டு என்பதை மறக்கக்கூடாது. தொங்கு மரு பெரும்பாலும் அப்படி மறைவதில்லை. நேர்த்தி பலிக்கவில்லையே என்று பிளேட்டை எடுப்பவர்கள் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

மரு சொல்லும் சேதி

ஒன்றிரண்டு மரு இருப்பதில் அச்சப்பட ஏதுமில்லை. ஆனால் கழுத்தைச் சுற்றிப் பல மருக்கள் தோன்றினால் அதை ஒரு சேதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். உடலில் சுரக்கும் இன்சுலின் சரிவர வேலை செய்யாதவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் தொங்கு மருக்கள் கூடுதலாக வருகின்றன என்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

இதே சேதியைச் சொல்லும் இன்னோர் அடையாளமும் உண்டு. சிலருக்குப் பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருக்கும். "கழுத்தை ஒழுங்காகத் தேய்த்துக் குளிக்கத் தெரியாதா?" என்று தாய்மார் குமர்ப்பிள்ளைகளை ஏசுவதை நான் கேட்டிருக்கிறேன். பிள்ளையும் தோல் உரியும்வரை பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறாள். அது அழுக்கு அல்ல. தேய்ப்பதால் போகவும் மாட்டாது. பிள்ளையை ஏசாமல் இரத்தத்தைச் சோதிக்க அழைத்துச் செல்லுங்கள்.

2005-2006இல் இலங்கையில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், 20 வயதைத் தாண்டியவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அதன் பின்னர் இந்நோய் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. சீனி வருத்தம் கொழும்பாருக்கு வரும் பணக்கார வருத்தம் என்ற எண்ணம் இனியும் வேண்டாம். கோதுமை மா ரொட்டியும், சீனி போட்ட தேநீரும், இடம்பெயர்ந்த வாழ்வின் ஓயாத கவலையும் மலையிலும் வன்னியிலும் ஒன்றாகவே இருக்கின்றன.

எப்படி அகற்றலாம்?

முதலாவது வழி, ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது. வலியோ உரசலோ இல்லாவிட்டால் மருவை அகற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

கூடைக் கயிற்றிலோ சட்டைக் கழுத்திலோ பட்டு நோகிறது, சவரம் செய்யும்போது வெட்டுப்படுகிறது, அல்லது பார்வைக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். அழகுக்காகக் கேட்பதிலும் வெட்கப்பட வேண்டியதில்லை. மரக்கச் செய்யும் ஊசி போட்டு, கிருமி நீக்கிய கத்தரிக்கோலால் காம்போடு வெட்டி எடுப்பது ஒரு முறை. மின்சாரச் சூட்டினால் கருக்குவது இன்னொன்று. திரவ நைதரசனால் உறையவைப்பது மூன்றாவது. மரு ஓரிரு வாரங்களில் உதிர்ந்துவிடும், ஆனால் எம்மைப் போன்ற கறுத்த தோலில் வெளிறிய தழும்பு விடக்கூடும். இவை எல்லாம் சில நிமிட வேலைகள். எடுத்த இடத்தில் பெரும்பாலும் திரும்ப வராது. வேறு இடத்தில் புதிதாக வரலாம். கண்ணிமையில் உள்ளதைக் கண் வைத்தியரிடமே காட்ட வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர்களும், காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் தோலுள்ளவர்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

செய்யக்கூடாதவை

பிளேட்டால் வெட்டாதீர்கள். இரத்தம் நிற்காமல் ஓடலாம், ஏற்புக் கிருமி சேரலாம், ஒருவர் பாவித்த பிளேட்டால் ஈரல் அழற்சியும் தொற்றலாம். தலைமயிராலோ நூலாலோ கட்டாதீர்கள். வீங்கிச் சீழ் பிடிக்கும். சுண்ணாம்பும் சோடாவும் மருவோடு நிற்காமல் சுற்றியுள்ள நல்ல தோலையும் அரித்துவிடும். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு எருக்கம்பாலும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் தெரிந்திருக்கும். அவையும் தோலைப் பொசுக்குபவையே. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கடையிலும் கைத்தொலைபேசி விளம்பரத்திலும் வரும் "மரு உதிர்க்கும்" திராவகங்களையும் நம்ப வேண்டாம். மருவையும் மச்சத்தையும் வீட்டில் அகற்றவென்று விற்கப்படும் எந்தப் பொருளுக்கும் தாம் அங்கீகாரம் வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் அறிவித்தது.

இன்னொன்று: தோலில் தொங்குவதெல்லாம் மரு அல்ல. கறுத்தோ பல நிறத்திலோ இருப்பது, விரைவாக வளர்வது, காரணமின்றி இரத்தம் கசிவது, பிறப்புறுப்பில் வருவது, இவற்றைத் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வெளிறி, உணர்ச்சியற்றுப் போன தேமல் தெரிந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். இலங்கையில் அந்நோய் முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் 6 மாதமோ 12 மாதமோ இலவசமாகத் தரப்படும் குளிசைகளால் முற்றாகக் குணமாகும்.

யாருடைய பொறுப்பு?

இவ்வளவையும் சொன்ன பின் மக்களின் அறியாமையே காரணம் என்று முடித்துவிட்டால் அது அநீதி. "பேரு போயிருமே" என்று அந்தத் தாய் சொன்னது அறியாமை அல்ல. அது சரியான கணக்கு. தோட்டத்திலிருந்து நாவலப்பிட்டிக்கோ டிக்கோயாவுக்கோ போய், வரிசையில் நின்று, திரும்பி வர ஒரு நாள் போய்விடும். ஒரு மருவுக்காக எந்த ஏழைத் தாய் ஒரு நாள் பேரை இழப்பாள்? சுண்ணாம்பு வீட்டிலேயே இருக்கிறது. அதற்குப் பேர் வெட்டப்படுவதில்லை.

டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்கு 150 கட்டில்களுடன் இந்திய உதவியில் கட்டப்பட்ட புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அது வரவேற்க வேண்டியது. ஆனால் தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் பணி 1990களில் தொடங்கியும் இன்னும் முற்றுப்பெறவில்லை. பெரிய கட்டடங்களுக்கும் லயத்துக்கும் இடையே உள்ள தூரம் அப்படியே இருக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவல்ல. மாதம் ஒரு தடவை, கொழுந்து நிறுத்த பின் மாலை நேரத்தில், தோட்டத்து டிஸ்பென்சரியிலோ முகாமின் பொது மண்டபத்திலோ ஒரு கிளினிக் நடக்கட்டும். சீனி பார்க்கும் சிறு கருவி ஒன்று, கிருமி நீக்கிய கத்தரிக்கோல், மரக்கும் ஊசி, ஒரு டொக்டர், ஒரு தாதி. மருவுக்கென்று வருகிறவர் இரத்தத்தையும் சோதித்துக்கொண்டு போவார். கிளினிக் போகும் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது என்பதைத் தொழிற்சங்கங்கள் பேச்சுவார்த்தையில் முன்வைக்கட்டும்.

எமது பங்கும் உண்டு. இடம்பெயரும்போது அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாததால் மருந்து நின்றுபோனவர்களை நான் அறிவேன். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இந்த விடயத்தை வெட்கமின்றிப் பேசுங்கள். 35 வயதைத் தாண்டியவர்கள் யார் யார் இன்னும் இரத்தம் சோதிக்கவில்லை என்று பெயர் எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு வைத்திய அதிகாரியைச் சந்தியுங்கள்.

அந்தத் தாயின் புண் ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது. காலையும் மாலையும் குளிசை எடுக்கிறார். "முன்னாடியே வந்திருக்கலாம் சாமி" என்று சென்ற வாரம் சொன்னார். வந்திருக்கக்கூடிய தூரத்தில் நாம் வைத்தியத்தை வைத்திருந்தோமா என்பதுதான் என் கேள்வி.